தனுஷ்கோடி அலையை ஃபிஜியில் அளக்க: வீடியோ பிழையைத் தீர்ப்பது எப்படி?

தனுஷ்கோடியில் ஒரே சாலைக்கு இரு பக்கமும் கடல். பாக் விரிகுடாப் பக்கம் பெண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் குமுறும், வாடை திரும்பிவிட்டால் பெண்கடலும் சீறும் என்பார், பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கும் என் சித்தப்பா. அவர் கண்ணால் கண்டு சொல்வதை நொடிக்கணக்கில் அளந்து பார்க்க ஆசைப்பட்டேன். ஓர் அலை கரையேறிய பிறகு அடுத்த அலை ஏற எத்தனை நொடி ஆகிறது? கைபேசியை முக்காலியில் நிறுத்தி இரு கரையிலும் வீடியோ எடுத்தேன். வீட்டுக்கு வந்து, படங்களை அளக்கும் ஃபிஜி மென்பொருளில் திறந்தால் பிழைச் செய்திதான் வந்தது. அதைத் தீர்க்க மூன்று நாள் போனது. உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஃபிஜி என்பது இமேஜ்ஜே மென்பொருள்தான், பல பிளகின்களை (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களை) முன்கூட்டியே சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். இலவசம். இறக்கி விரிப்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விண்டோஸில் அதை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். அங்கே எழுத ஃபிஜிக்கு அனுமதி கிடைக்காது, அதனால் பிளகின் சேர்க்கும்போது அப்டேட் பாதியில் நின்றுவிடும். டெஸ்க்டாப்பில் வைத்தால் போதும்.

எந்தப் பிழை, என்ன பொருள்?

‘அன்சப்போர்ட்டட் கம்ப்ரெஷன்’ என்று வந்தால் ஃபைல் கெட்டுப்போகவில்லை. இமேஜ்ஜே தானாகப் படிக்கத் தெரிந்த ஏவிஐ வீடியோ வகைகள் சிலதான்: சுருக்கப்படாதவை, எம்ஜேபெக், பிஎன்ஜி. கைபேசி எடுப்பதோ எச்.264 அல்லது எச்.265 என்ற வேறு சுருக்க முறைகளில். ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி4 என்பதை ஏவிஐ என்று மாற்றினாலும் பயனில்லை, உள்ளே இருப்பது மாறாது.

‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்’ என்று வந்தால் பிளகினுக்குத் தேவையான ஜாவா கோப்பு ஒன்று இல்லை என்று பொருள். ‘அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க்’ என்றால் கோப்பு கிடைக்கவில்லை, அல்லது இருந்தும் உங்கள் கணினிக்குப் பொருந்தவில்லை. 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துபோனால் இது வரும்.

பழைய விளக்கங்கள் பலவற்றில், வீடியோ திறக்க குயிக்டைம் (ஆப்பிளின் வீடியோ மென்பொருள்) நிறுவுங்கள், ஜேஎம்எஃப் (ஜாவாவின் வீடியோ தொகுப்பு) நிறுவுங்கள் என்று இருக்கும். என் முதல் நாள் முழுக்க அதில்தான் போனது. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள். விண்டோஸுக்கான குயிக்டைமை ஆப்பிள் 2016-லேயே கைவிட்டுவிட்டது, ஜேஎம்எஃப் அதைவிடப் பழசு. பாதுகாப்புத் திருத்தமே வராத மென்பொருளை ஒரு பிளகினுக்காகக் கணினியில் ஏற்றுவது தவறு.

பிளகின் சேர்ப்பது

‘ஹெல்ப் → அப்டேட்’ போங்கள். அது தேடி முடித்ததும் ‘மேனேஜ் அப்டேட் சைட்ஸ்’ அழுத்தி, பட்டியலில் ‘எஃப்எஃப்எம்பெக்’ என்பதை (பல வகை வீடியோவையும் படிக்கும் பிளகின் இது) டிக் செய்து, மாற்றங்களை ‘அப்ளை’ செய்யுங்கள். ஃபிஜியை மூடித் திறந்ததும் ‘ஃபைல் → இம்போர்ட்’ மெனுவில் ‘மூவி (எஃப்எஃப்எம்பெக்)’ இருக்கும். இல்லையென்றால் அப்டேட் முழுதாக இறங்கவில்லை. எங்கள் பக்கம் கரண்ட் போனால் நெட்டும் போய்விடும், எனக்கு முதல் தடவை அதுதான் நடந்தது. மறுபடி அதே வழியில் போய் அப்டேட் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

திறப்பதற்கு முன்: ஃபிரேம் வேகம்

இங்கேதான் நான் விழுந்தேன், நிதானமாகப் படியுங்கள். வீடியோ திறந்துவிட்டது, அலையும் ஓடியது, எல்லாம் சரி என்று நினைத்தேன். ஆனால் மாலை ஐந்து மணிக்கு எடுத்ததையும் இருட்டும் நேரத்தில் எடுத்ததையும் ஒப்பிட்டபோது, அந்தி நேரத்தில் அலைகள் திடீரென்று நெருங்கி வருவதாகக் கணக்கு சொன்னது. காற்று மாறவில்லை, கரையும் அதேதான். சித்தப்பாவிடம் சொன்னேன், “அப்படி இருக்காதுப்பா, உன் கணக்கைப் பாரு” என்றார்.

பார்த்தேன். வீடியோ என்பது அடுத்தடுத்த படங்கள், ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு நிமிட வீடியோவில் 1800 ஃபிரேம் இருக்க வேண்டும். மாலை வீடியோவில் 1798. அந்தி வீடியோவில் 1446 மட்டுமே! வெளிச்சம் குறைந்தால் பல கைபேசிகள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு வேகத்தைத் தாமாகவே குறைத்துவிடுகின்றன. ஃபிஜியில் ஃபிரேம்கள் அடுக்காக வரும். எந்த ஃபிரேம் எந்த நொடியில் எடுத்தது என்பதை அந்த அடுக்கு காட்டாது. நான் எல்லாவற்றையும் 30-ஆல் வகுத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் போதும். வீடியோவை அதில் திறந்து, ‘வீடியோ’ பகுதியில் என்கோடரை எச்.264 ஆக்கி, ஃபிரேம்ரேட்டில் 30 தேர்ந்தெடுங்கள். அதன் பக்கத்திலேயே ‘பீக் ஃபிரேம்ரேட்’, ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்று இரண்டு தெரிவு உண்டு. வழக்கமான ‘ஃபாஸ்ட் 1080பி30’ அமைப்பில் முதலாவதுதான் குறிக்கப்பட்டிருக்கும். ‘பீக்’ என்றால் 30-க்கு மேல் போகாது என்றுதான் பொருள், குறையலாம். இரண்டாவதைக் குறிக்க வேண்டும். நான் 30 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் ஒரு தடவை முழுக்க மாற்றி முடித்தேன். தரத்துக்கு ‘ஆர்எஃப்’ எண்ணை 22-இலிருந்து 16 பக்கம் இறக்குங்கள், எண் குறைந்தால் தரம் கூடும். நுரையின் விளிம்பு மங்கினால் அளவும் தவறும்.

திறந்து அளப்பது

‘மூவி (எஃப்எஃப்எம்பெக்)’ வழியாகத் திறக்கும்போது ‘யூஸ் வர்ச்சுவல் ஸ்டாக்’ டிக் கட்டாயம். 1920 × 1080 அளவுள்ள ஒரு வண்ண ஃபிரேமுக்கு நினைவகத்தில் சுமார் 8 எம்பி வேண்டும். 1800 ஃபிரேம் என்றால் 15 ஜிபி! 8 ஜிபி மடிக்கணினி அப்படியே நின்றுவிடும். வர்ச்சுவல் என்றால் தேவைப்படும் ஃபிரேமை மட்டும் வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஜன்னலின் மேலே ‘1/1800’ என்பது போல வரும் எண்ணை முதலில் பாருங்கள். வீடியோவின் நொடிகளை 30-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள், ஹேண்ட்பிரேக்குக்குத் திரும்புங்கள்.

சரியாக இருந்தால் நேர்கோட்டுக் கருவியால் காய்ந்த மணலிலிருந்து தண்ணீருக்குள் ஒரு கோடு இழுத்து, ‘இமேஜ் → ஸ்டாக்ஸ் → ரீஸ்லைஸ்’ கொடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தக் கோட்டின் மேல் இருந்தது ஒரு வரியாகி, வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்ட புதுப் படம் வரும். மேலிருந்து கீழ் நேரம், 30 வரிக்கு ஒரு நொடி. அலை ஏறி இறங்குவது வெள்ளைப் பல் போலத் தெரியும். அடுத்தடுத்த இரண்டு பல் நுனிகளுக்கு நடுவே உள்ள வரிகளை எண்ணி 30-ஆல் வகுத்தால் நொடி கிடைத்துவிடும். இரு கடல்களின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சித்தப்பாவிடம் காட்டினேன். எது ஆண்கடல் என்று நான் சொல்வதற்கு முன்பே விரலை வைத்துக் காட்டினார்.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த தொண்டி மாணவி ஒருவருக்குப் பிளகின் சரியாக இருந்தும் வீடியோ திறக்கவில்லை. ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தார். ஃபைலை ஆங்கில எழுத்துப் பெயருள்ள, இடைவெளி இல்லாத ஃபோல்டருக்கு மாற்றச் சொன்னேன், திறந்துவிட்டது. நம் மொழியில் பெயர் வைத்தால் மென்பொருள் தடுமாறுவது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் இப்போதைக்கு அப்படியே செய்யுங்கள். அதன் பிறகும் திறக்காதவர்கள் ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டரில் வீடியோவைத் திறந்து, ‘எக்ஸ்போர்ட்’ பட்டியலின் ‘ஸ்டில்ஸ்’ வகையில் பிஎன்ஜி தேர்ந்தெடுத்து ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு அந்த ஃபோல்டரை அப்படியே இழுத்து ஃபிஜியின் மேல் போடுங்கள், எந்தப் பிளகினும் வேண்டாம். விஎல்சி வீடியோ பிளேயரின் ‘சீன் ஃபில்டர்’ வழியாகவும் படம் எடுக்கலாம் என்பார்கள். அதில் ரெக்கார்டிங் ரேஷியோ இயல்பாக 50, அதாவது 50 ஃபிரேமுக்கு ஒன்றுதான் சேமிக்கும். அதை 1 ஆக்கினாலும் ஓடும் வேகத்தில் சில ஃபிரேம்கள் விடுபடலாம் என்பதால் நேரத்தை அளக்கும் வேலைக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை.