மேச்சேரிச் செம்மறி மந்தைக்குக் கிடா தேர்ந்தெடுத்தல்: முதலில் வம்சாவளி, பிறகு எடை

செம்மறி மந்தையில் வேகமாக வளரும் ஆண் குட்டிதான் முதலில் சந்தைக்குப் போகிறது. பண்டிகையோ பணமுடையோ வரும்போது நல்ல விலை பெறுவது அதுவே. பின்தங்கிய குட்டி பட்டியிலேயே நின்று, பருவமடைந்து, அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகிவிடுகிறது. சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர், தருமபுரிப் பகுதிகளின் மேச்சேரி இனத்தைக் காக்க நினைப்பவர் முதலில் நிறுத்த வேண்டியது, எவரும் திட்டமிடாமல் நடக்கும் இந்தத் தலைகீழ்த் தேர்வைத்தான்.

கிடாவாக வைக்கக் கருதும் குட்டியின் வம்சாவளியை எடைக்கு முன் பார்க்க வேண்டும். எடையை மட்டும் நம்பினால் வேற்றினக் கலப்புள்ள குட்டி முந்திவிடக்கூடும். அதோடு, மேச்சேரிக்குப் பெயர் வாங்கித் தந்த தோலின் தரமும் வறட்சியைத் தாங்கும் இயல்பும் நம் கவனத்துக்கு வராமலே கரைந்துபோகும். வெளிர் பழுப்பு நிறம், குட்டையான மெல்லிய வால், ஆண் பெண் இரண்டிலும் கொம்பின்மை ஆகியவை இந்த இனத்தின் அடையாளங்கள். நிறம் மட்டும் சான்றாகாது. சென்னைச் சிவப்பு ஆடும் ஏறக்குறைய அதே நிறச்சாயலில் இருக்கும். ஆனால் அதன் கிடாக்களுக்குக் கொம்பு உண்டு. எனவே குட்டியோடு நிறுத்தாமல் தாயையும் தந்தையையும் நேரில் பார்ப்பதே பாதுகாப்பானது.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு குட்டிக்கும் காதில் எண் வில்லை பொருத்தி, பிறந்த நாள், தாய் எண், தந்தை எண், ஒற்றையா இரட்டையா, பிறப்பு எடை ஆகியவற்றை அன்றே எழுதிவிட வேண்டும். மறுவாரம் நினைவிலிருந்து எழுதினால் தவறு நேரும்.

குட்டிகள் வெவ்வேறு நாட்களில் பிறப்பதால், ஒரே நாளில் நிறுத்த எடைகளை அப்படியே ஒப்பிடுவது முறையல்ல. 2.4 கிலோவுடன் பிறந்த குட்டி 82-ஆம் நாளில் 10.6 கிலோ இருந்தால், அது கூடிய 8.2 கிலோவை 82-ஆல் வகுக்க நாளொன்றுக்கு 100 கிராம் வருகிறது; அதை 90-ஆல் பெருக்கிப் பிறப்பு எடையைக் கூட்டினால் 90 நாள் எடை 11.4 கிலோ. இவ்வாறு கணக்கிட்டபின், அதே பருவத்தில் பிறந்தவற்றுக்குள், ஒற்றைக் குட்டியை ஒற்றையோடும் இரட்டையை இரட்டையோடும் வைத்துப் பார்க்க வேண்டும். தலையீற்றுத் தாய்க்குப் பால் குறைவு என்பதால் அதன் குட்டிக்குச் சிறிது சலுகை தருவதே நியாயம். இதே முறையில் ஆறாம் மாதத்திலும் எடைபோட்டு முடிவெடுக்கலாம். அதுவரை முன்னணிக் குட்டிகளை விற்கக் கூடாது.

அடுத்தது உறவுக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவுள்ள ஆடுகள் தமக்குள் சேர்ந்து ஈனுவது. முப்பது பெட்டைகளுக்கு ஒரே கிடா என்றால், எல்லாக் குட்டிகளுக்கும் தந்தை ஒன்றே என்பதால், மரபியல் கணக்கில் அந்த மந்தை வெறும் நான்கு ஆடுகளுக்குச் சமம். தலைமுறைக்குச் சுமார் 13 விழுக்காடு உறவுக் கலப்பு கூடும். உறவில்லாத இரண்டு கிடாக்களை வைத்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடாகக் குறைகிறது. தந்தையும் மகளும் சேர்ந்து ஈனும் குட்டியிலோ இந்த அளவு 25 விழுக்காடு. சினைக்காலம் ஐந்து மாதம் என்பதால், ஒரு கிடாவை விட்ட பதினெட்டு மாதங்களுக்குள் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடும். அதற்குள், வேற்றூர் மந்தையின் தேர்ந்த கிடாவோடு அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மரபணுச் சோதனைக்கு வாய்ப்புள்ளவர்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணு இடங்களை ஒருசேரப் படிக்கும் ‘சிப்’ எனப்படும் சோதனைச் சில்லைப் பயன்படுத்தலாம். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே மாதிரி வந்த நீண்ட மரபணுத் துண்டுகள் அண்மைத் தலைமுறைகளின் உறவுக் கலப்பைக் காட்டும். குறுகிய துண்டுகள் மிகப் பழையதைக் காட்டும். வேற்றினக் கலப்பின் அளவை அறிய, அண்டை இனங்களான சென்னைச் சிவப்பு, கோயம்புத்தூர்க் குறும்பை ஆகியவற்றின் மாதிரிகளும் ஒப்பீட்டில் இருக்க வேண்டும்; இல்லையெனில் அவற்றின் பங்கும் மேச்சேரியின் பங்காகவே கணக்கில் சேரும். இரத்த மாதிரிகளை ஒரே பட்டியில் எடுக்காமல், பல ஊர்களில், தாத்தா பாட்டி வரை உறவில்லாத ஆடுகளிடமிருந்து எடுத்து, ஒவ்வொரு குப்பியிலும் காது வில்லை எண்ணைக் குறித்து அனுப்ப வேண்டும்.