ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்: மூன்று தானியங்கிச் சோதனைகள்

எழுத்துப்பிழைத் திருத்தியும் கருத்துத் திருட்டுச் சோதனையும் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். மதிப்பீட்டாளர் கண்ணில் பட்டால் மானம் போகிற மூன்று இடங்களை மட்டும் பார்ப்போம்.

1. மேற்கோள்கள்

நூற்பட்டியலை ஸோட்டெரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் ஏற்றுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் அதில் இருந்தால் மென்பொருளே எச்சரிக்கும். 2019 முதல் அது, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. டிஓஐ எண்ணோ (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாளம்) பப்மெட் எண்ணோ (மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தின் பதிவெண்) இல்லாத பதிவுகள் இந்த வலையில் சிக்காது. முதலில் அவற்றை நிரப்பிவிடுங்கள்.

2. பி-மதிப்புகள்

பி-மதிப்பு என்பது, உண்மையில் விளைவு ஏதும் இல்லாதபோதும் இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு. இதைச் சரிபார்க்க ஸ்டாட்செக் என்ற கருவி இருக்கிறது. அதன் இணையதளத்தில் கோப்பை ஏற்றினால் போதும். புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியிலும் தொகுப்பாகக் கிடைக்கிறது. சோதனை மதிப்பையும் கட்டின்மை எண்ணையும் (மாதிரியின் அளவைப் பொறுத்த எண், degrees of freedom) வைத்து பி-மதிப்பை அதுவே கணக்கிட்டு, நீங்கள் எழுதியதோடு ஒப்பிடும். டி-சோதனையின் முடிவை டி(28) = 1.98 (கட்டின்மை எண் 28, சோதனை மதிப்பு 1.98) என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் பி < .05 என்று போட்டிருந்தால் பிடித்துவிடும்; உண்மையில் அது .05-ஐவிடச் சற்று அதிகம். இதை அற்பம் என்று ஒதுக்க வேண்டாம்: எட்டு உளவியல் இதழ்களின் 1985–2013 கட்டுரைகளை இதே கருவியால் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பாதிக் கட்டுரைகளில் ஒரு முரணாவது இருந்தது.

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான். கோப்பை ஏற்றினேன், முடிவு எதுவும் வரவில்லை. கட்டுரை சுத்தம் என்று அதற்குப் பொருள் இல்லை. கருவியால் எதையும் படிக்க முடியவில்லை என்பதே பொருள். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) பாணியில், ஒரே தொடராக எழுதிய முடிவுகளை மட்டுமே அது அடையாளம் காணும். அட்டவணைக்குள் இருப்பவை அதற்குத் தெரியாது. பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்துகளை எடுக்கும்போது சமக்குறியும் கழித்தல் குறியும் வேறேதோ குறிகளாக மாறிவிடுவதும் உண்டு. ஆகவே வேர்ட் கோப்பையே ஏற்றுங்கள். பிறகு அட்டவணைகள் நீங்கலாகக் கட்டுரையில் எத்தனை சோதனைகள் இருக்கின்றன, கருவி எத்தனையைப் பட்டியலிட்டது என்று எண்ணிப் பாருங்கள். இந்த எண்ணிக்கை ஒத்துப்போகாதவரை மற்ற முடிவுகளைப் பார்ப்பதில் பயனில்லை.

போன்ஃபெரோனி திருத்தம் (பல சோதனைகள் செய்யும்போது பி-மதிப்பைக் கடுமையாக்கும் முறை) செய்த மதிப்புகளையும் அது பிழை என்று காட்டக்கூடும். அதற்காக எண்ணை மாற்றாதீர்கள்; திருத்தம் செய்ததைக் கட்டுரையில் தெளிவாகச் சொன்னால் போதும்.

3. சராசரிகள்

ஆய்வாளர்கள் நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் உருவாக்கிய கிரிம் சோதனை இது. எழுதிய சராசரி, பங்கேற்றவர்களின் எண்ணிக்கைக்குப் பொருந்துமா என்று பார்க்கும். 25 பேர் முழு எண்ணில் மதிப்பெண் கொடுத்திருந்தால் சராசரி 0.04-இன் மடங்காகத்தான் வரும். 3.44 வரலாம், 3.48 வரலாம்; 3.47 வரவே வராது. இதற்கென்று இணையக் கணிப்பான்கள் உண்டு. எனக்கென்னவோ விரிதாளில் ஒரு வரிச் சூத்திரமே பிடித்திருக்கிறது. எல்லாச் சராசரிகளையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

பிற்சேர்க்கை

வாசகர்கள் கேட்டதால் இரண்டு விஷயங்கள். மதிப்பீட்டுக்காக உங்களிடம் வந்த பிறருடைய கட்டுரையை எந்த இணையதளத்திலும் ஏற்றாதீர்கள், அது இரகசியம். ஆர் தொகுப்பை உங்கள் கணினியிலேயே இயக்குங்கள். அடுத்தது, ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் நான்கு கேள்விகளின் சராசரி என்றால் 25-ஐ நான்கால் பெருக்க வேண்டும். அப்போது சராசரி 0.01-இன் மடங்காக வரும், 3.47 தாராளமாக வரும். அந்த நிலையில் இரண்டு தசம இடங்களில் எழுதிய சராசரி எதையும் கிரிம் தட்டிக் கேட்காது.