ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா: குமரி மாவட்டத்து வழிகளுக்கு ஏற்ற மலை சைக்கிள்

மலை சைக்கிள் வாங்க நினைப்பவர், கடைக்குப் போவதற்கு முன்பே, மாதத்தில் பெரும்பாலான நாட்கள் எந்த வழியில் ஓட்டப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. முன்சக்கரத்துக்கு மட்டும் ஷாக் உள்ள ஹார்ட்டெயில் போதுமா, பின்சக்கரத்துக்கும் தனி ஷாக் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் தேவையா என்பது அதைப் பொறுத்ததே.

குமரி மாவட்டத்தில் சில கிலோமீட்டருக்குள் தரையின் தன்மை மாறிவிடும். நாஞ்சில் நாட்டு வயல்களை ஒட்டிய பாசனச் சானல் கரைகளில் மழைக்குப் பிறகு குழியும் சேறும் இருக்குமே தவிர, பின் ஷாக்கைக் கேட்கும் அளவுக்குக் கல்லோ வேரோ இராது. ஆரல்வாய்மொழிப் பக்கம் வறண்ட தரையும் எதிர்க்காற்றும் உடைமுள்ளும்தான் சிக்கல். அங்கே ஷாக்கைவிட, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை உள்ளே ஊற்றிய டியூப்லெஸ் டயரே அதிகம் உதவும். குலசேகரம், பேச்சிப்பாறை வட்டாரத்து ரப்பர் தோட்டப் பாதைகள் வேறு விதம்: செங்குத்தான செம்மண் ஏற்றம், மழைநீர் அரித்த சால், சருகுக்கு அடியில் மறைந்திருக்கும் வேர். தோட்டக்காரரின் ஒப்புதலோடு இத்தகைய இறக்கங்களில் வாராவாரம் வேகமாக இறங்குபவருக்குத்தான் ஃபுல் சஸ்பென்ஷனின் அருமை தெரியும். கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்துக் காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது என்பதால், அந்தக் காட்டு இறக்கங்களை மனத்தில் வைத்து விலையுயர்ந்த சைக்கிள் வாங்குவதில் பொருளில்லை.

பின் ஷாக் உடம்பு அலுங்காமல் இருப்பதற்காக என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் முதன்மையான வேலை, சக்கரத்தைத் தரையோடு ஒட்ட வைப்பது. ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் கல்லில் இடித்துத் துள்ளும்போது, தரையைத் தொடாத அந்தக் கணத்தில் பிரேக் பிடித்தும் பயனில்லை. ஃபுல் சஸ்பென்ஷனில் சக்கரம் மட்டும் மேலெழுந்து இறங்குவதால் பிடிப்பு அறுபடுவதில்லை. இதற்கு ஈடாக, ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ கூடுதல் எடையையும், ஏற்றத்தில் மிதிக்கும்போது ஷாக் அமுங்கி எழுவதால் சிறிது வீணாகும் உழைப்பையும் ஏற்க வேண்டும். ஷாக்கை அமுங்காமல் பூட்டிவைக்கும் லாக்அவுட் இருந்தால் இந்த இரண்டாவது குறை வெகுவாகக் குறையும்.

பராமரிப்பைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஃபுல் சஸ்பென்ஷன் பிரேமின் பின்பகுதி பல மூட்டுகளில் இயங்குகிறது. ஒவ்வொரு மூட்டிலும் பேரிங் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் பெறும் இந்த மாவட்டத்தில், செம்மண் குழம்பு அந்த மூட்டுகளின் இடுக்கில்தான் போய் அப்பிக்கொள்ளும். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷரில் கழுவினால் பேரிங்குக்குள் தண்ணீர் ஏறிவிடும். வாளித் தண்ணீரும் துணியுமே போதும். இத்துடன், ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஷாக்கைத் திறந்து துடைத்து எண்ணெயிடவும் வேண்டும். ஹார்ட்டெயிலில் இந்தக் கவனம் முன்சக்கரத்தைத் தாங்கும், ஷாக் உள்ள ஃபோர்க்கோடு முடிந்துவிடுகிறது.

விலை குறைந்த ‘டபுள் ஷாக்’ சைக்கிள்களை அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவற்றின் பின்னால் இருப்பது பெரும்பாலும் துள்ளலைக் கட்டுப்படுத்தும் டேம்பிங் இல்லாத வெறும் ஸ்பிரிங். அது பள்ளத்தில் அமுங்கி, திரும்பத் தூக்கியடிக்கும், எடையும் கூடுதல். அதே பணத்துக்கு நல்ல பிரேக் உள்ள ஹார்ட்டெயில் கிடைக்கும். தரமான ஃபுல் சஸ்பென்ஷனின் விலையோ இலட்சத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறது.

ஆகவே, வேலைக்கும் அதே சைக்கிளில் போய்வருபவரும், சானல் கரையிலும் தோட்டப் பாதையிலும் நிதானமாக ஓட்டுபவரும் 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை அமுங்கும், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ஃபோர்க் பொருத்திய ஹார்ட்டெயிலை எடுத்து, மிச்சப் பணத்தில் 2.3 அங்குல அகலமுள்ள நல்ல டயர்களைப் போடலாம். இறக்கத்துக்கென்றே ஓட்டுபவருக்கு 120 முதல் 130 மில்லிமீட்டர் ஃபுல் சஸ்பென்ஷன் தாராளம். 160-க்கு மேற்பட்டவற்றை இந்தத் தோட்ட ஏற்றங்களில் மிதிப்பது வீண் பாரம்.

எதை வாங்கினாலும் ஃபோர்க்கிலும் பின் ஷாக்கிலும் உள்ள காற்றழுத்தத்தை உங்கள் எடைக்கு ஏற்பச் சரிசெய்த பிறகே ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள். ஷாக் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை சீல் வரை தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்தபடி மெதுவாக ஏறி அமர்ந்து, குலுக்காமல் இறங்குங்கள். 120 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் வளையம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். பின் ஷாக்கின் தண்டு 50 மில்லிமீட்டர் ஓடும் என்றால் 15 மில்லிமீட்டர் சரியான அளவு. அதிகம் நகர்ந்தால் ஷாக் பம்பால் காற்றைக் கூட்டுங்கள், குறைவானால் சிறிது வெளியேற்றுங்கள்.

பழைய ஃபுல் சஸ்பென்ஷன் வாங்குவதாயின், சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கி இறக்கிப் பாருங்கள். பின்சக்கரம் எழுவதற்கு முன் ‘டொக்’ என்ற ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. தண்டில் கீறலோ எண்ணெய்க் கசிவோ இருந்தால், அந்த மாடலுக்கு சீல் கிட் இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்பதை விசாரித்துவிட்டே விலை பேச வேண்டும்.