வீட்டு வாலைக்கு வாஷரும் டியூபும்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

வடித்த பன்னீரில் ரப்பர் வாடை அடிக்கிறதா? பூவைக் குறை சொல்வதற்கு முன் வாலையின் (ஆவியாக்கிக் குளிரவைத்து வடிக்கும் கருவி) மூடி வாஷரையும் டியூபையும் பாருங்கள். வாலைநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்), பன்னீர், மூலிகை எண்ணெய் வடிப்பவர்களுக்கான குறிப்பு இது. சாராயம் இங்கே பேச்சில்லை. உரிமம் இல்லாமல் அதை வடிப்பது பல நாடுகளில் குற்றம், அதன் ஆவி தீப்பற்றவும் செய்யும்.

1. ஆவி போகும் வழியைப் பிரியுங்கள்

பாத்திரம், மூடி, ஆவிக்குழாய், கண்டென்சர் (குளிர்நீரால் ஆவியை நீராக்கும் பகுதி), சொட்டு விழும் முனை: ஆவியோ வடிநீரோ தொடுவதெல்லாம் ஒரு பக்கம். குளிர்நீர் மட்டும் ஓடும் டியூப் மறுபக்கம். கண்டிப்பெல்லாம் முதல் பக்கத்துக்குத்தான்.

2. ஆவி வழியில் வளையும் டியூப் வேண்டாம்

செம்பு, எவர்சில்வர், கண்ணாடி போதும். பற்றவைத்த இணைப்பு இருந்தால் ஈயம் கலக்காத பற்று என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கண்ணாடி போலத் தெரியும் பிவிசி டியூப் 60 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும்; அதை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள்கள் எண்ணெயில் கரைந்து இறங்கும். வளைந்தே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் உணவுத்தர சிலிகான் துண்டு, அதுவும் சின்னதாக.

3. மூடியின் வாஷர்

அதிகம் யோசிக்க வேண்டியது இங்கேதான். சிலிகான் 200 டிகிரி வரை தாங்கும், அழுத்தினால் பதிந்து கொடுக்கும். வெறும் தண்ணீர் வடிக்க அதுவே போதும். ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயைக் குடித்து உப்பிவிடும்; அப்புறம் அடுத்து வடிக்கும் பன்னீரிலும் எலுமிச்சை மணக்கும். டெஃப்லான் 260 டிகிரி வரை தாங்கும், அநேகமாக எதனுடனும் வினைபுரியாது. குறை என்னவென்றால் அதற்கு மீள்தன்மை கிடையாது. மூடி கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஆவி கசியும். எண்ணெய் வடிப்பவர்களுக்கு என் தேர்வு, உள்ளே சிலிகான் இருக்க மேலே டெஃப்லான் உறை போட்ட வளையம்.

ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் நீராவியைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. சாதாரண ரப்பர் இரண்டுக்கும் ஆகாது.

எதுவும் கிடைக்காவிட்டால் மாவைக் கெட்டியாகப் பிசைந்து இடுக்கில் அப்புங்கள். பழைய முறைதான், ஆனால் மட்டமானதல்ல: சூட்டில் இறுகி அடைக்கும், உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் விட்டுக்கொடுப்பதும் அதுதான். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிசைய வேண்டும், அவ்வளவே.

மரையிட்ட இணைப்புகளுக்கு டெஃப்லான் டேப். முனையில் ஒரு மரையை விட்டுச் சுற்றினால் துணுக்கு உள்ளே போகாது.

4. குளிர்நீர் டியூப்

கீழே தண்ணீர் நுழையும் இடத்தில் பிவிசி போதும். மேலே வெளியேறும் தண்ணீர் சூடாக இருக்கும் என்பதால் அங்கே சிலிகான். இரண்டு முனைக்கும் கிளிப் போடுங்கள்.

5. சோதனை

புது வாஷரை அரை மணி நேரம் கொதிக்க வைத்து முகர்ந்து பாருங்கள். ஆறிய பிறகும் வாடை இருந்தால் வேண்டாம். அடுத்து வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு முறை வடித்துக் கொட்டிவிடுங்கள். அப்போதே இணைப்புகளின் அருகே குளிர்ந்த கரண்டியைக் காட்டுங்கள். பனி படிந்தால் அங்கே கசிவு.

கசியவில்லை என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆவி வெளியேற ஒரே வழி சொட்டு விழும் முனைதான். அங்கே வால்வு வைக்காதீர்கள், தக்கை போடாதீர்கள், முனை வடிநீருக்குள் மூழ்கவும் விடாதீர்கள். மூழ்கியிருந்தால் அடுப்பை அணைத்ததும் பாத்திரம் குளிர்ந்து வடிநீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும்.