பூஜ்யம் மூட்டை மணல்: வன்பொருள் விதிவிலக்கைப் பிடிப்பதில் நான் செய்த தவறுகள்

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா. அங்கே நெடுஞ்சாலையோரத்து எடைமேடை ஒன்றுக்கு சி மொழியில் நிரல் எழுதிக் கொடுத்தேன். நிகர எடையை மூட்டை எண்ணிக்கையால் வகுத்துச் சீட்டில் அச்சிடும். ஒரு நாள் மணல் லாரி வந்தது. மணலுக்கு ஏது மூட்டை? பூஜ்யம் தட்டினார்கள். "அண்ணா, பெட்டி படுத்துவிட்டது" என்று போன் வந்தது.

சி++க்கு மாற்றி, பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் அமைப்பைப் போட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை. நிரல் தானாக வீசுவதைத்தான் கேட்ச் பிடிக்கும். பூஜ்யத்தால் வகுக்கும்போது வரும் இந்தக் கோளாறை எழுப்புவதோ செயலி; இதுதான் வன்பொருள் விதிவிலக்கு. எக்ஸ்86 (இன்டெல் வகை) செயலி, இயக்க முறைமையின் மையமான கெர்னலிடம் முறையிட, லினக்ஸ் நிரலுக்கு சிக்எஃப்பிஇ என்ற சிக்னலை, அதாவது எச்சரிக்கையை, அனுப்புகிறது. பெயரில் 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' இருந்தாலும் வருவது முழு எண் வகுத்தலுக்குத்தான். தசம எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால், வழக்கமான அமைப்பில், சத்தமில்லாமல் முடிவிலி கிடைக்கும்.

சரி, சிக்னல் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் என்ற துணை நிரலை எழுதுவோம் என்று, நடந்ததைப் பதியும் லாக் கோப்பில் பிரிண்ட்எஃப் வகையில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பி வரும்படி செய்தேன். என் தவறுகளில் மூத்தது இதுதான். ஹேண்ட்லர் திரும்பினால் செயலி அடுத்த கட்டளைக்குப் போவதில்லை. தவறிய அதே கட்டளையை மறுபடி செய்கிறது. அதே பூஜ்யம், அதே சிக்னல், அதே வரி. விடிவதற்குள் லாக் கோப்பு வட்டை நிரப்பிவிட்டது. அச்சிடும் பிரிண்ட்எஃப், நினைவகம் கேட்கும் மாலாக் இரண்டையும் ஹேண்ட்லருக்குள் அழைக்கவே கூடாது: அவை தம் வேலைக்கு நடுவே போட்டுக்கொள்ளும் பூட்டு பிடிபட்டிருக்கும் நேரத்தில் கோளாறு வந்தால் நிரல் அப்படியே உறைந்துவிடும். நேரடியாக எழுதும் ரைட், நிரலை உடனே முடிக்கும் _எக்ஸிட் போன்ற சிலவற்றுக்கே அங்கே அனுமதி.

அடுத்து, நிரலில் முன்பே குறித்துவைத்த இடத்துக்குத் தாவும் லாங்ஜம்ப் மூலம் ஹேண்ட்லரிலிருந்து வெளியே குதித்தேன். முதல் பூஜ்யத்துக்குப் பிழைத்தது, இரண்டாவதற்குச் செத்தது. ஹேண்ட்லர் ஓடும்போது அந்தச் சிக்னல் தடுக்கப்பட்டிருக்கும். லினக்ஸில் லாங்ஜம்ப் அந்தத் தடையை நீக்காது. தடை இருக்கையில் மீண்டும் கோளாறு வந்தால் கெர்னல் நிரலையே முடித்துவிடும். இடத்தைக் குறிக்கும் சிக்செட்ஜம்ப், அங்கே தாவும் சிக்லாங்ஜம்ப் என்ற இணைதான் தடையையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

பிடித்தபின் என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. தடாவில் நின்றால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏறுவது தெரியும்; எனக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வருவது பிரெஞ்சு கயானாவில் 1996 ஜூன் 4 அன்று சிதறிய ஏரியான் 5 ராக்கெட். 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக்கும்போது, அது அதில் அடங்காமல் விதிவிலக்கு எழுந்தது. அப்படி எழுந்தால் கணினியை நிறுத்திவிடு என்பது வடிவமைப்பு. மாற்றாக இருந்த இரண்டாவது கணினியிலும் அதே மென்பொருள், அதுவும் நின்றது.

சிக்னல் கட்டாயம் வரும் என்று நம்புவதும் பிழை. பிறகு எடைமேடைக்கு 64 பிட் ஏஆர்எம் (வேறு வகைச் செயலி) பெட்டி வைத்தோம். அந்தச் செயலி பூஜ்யத்தால் வகுத்தால் விடையாகப் பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். மூட்டைக்குப் பூஜ்யம் கிலோ என்று சீட்டு வந்தது! எக்ஸ்86இலோ, 32 பிட் முழு எண்ணின் கடைசி எல்லையான -2147483648ஐ -1ஆல் வகுத்தாலும், விடை 32 பிட்டில் அடங்காததால், அதே சிக்னல்தான். சி மொழியின் தரத்தில் இவை இரண்டுமே வரையறுக்கப்படாத நடத்தை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் என்ன செய்தாலும் கேட்க முடியாது.

இப்போது வகுக்கும் முன், எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்க்கும் ஒரு இஃப் இருக்கிறது. அதையும் மீறிக் கோளாறு வந்தால் ஹேண்ட்லர் ரைட் மூலம் ஒரு வரி எழுதிவிட்டு _எக்ஸிட் செய்கிறது, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி நிரலை மறுபடி எழுப்புகிறது. மணல் லாரிச் சீட்டில் மூட்டைக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் வருகிறது.