கடைக்காரர் துப்பறியும் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோஸி மர்மக் கதை என்றால் என்னவென்று வாசகர்களுக்குத் தெரியும். ரத்தம் பக்கத்தில் தெறிக்காது. கொலை நம் கண்ணில் படாமல் நடந்து முடிந்திருக்கும். துப்பறிகிறவர் போலீஸ்காரர் அல்லர். ஊரில் எல்லோருக்கும் பழக்கமான ஒருவர், பெரும்பாலும் ஒரு கடைக்காரர். கடைசி அத்தியாயத்தில் குழப்பம் தீர்ந்து மறுநாள் கடை வழக்கம்போல் திறக்கும். இந்த வகையைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து தமிழில் தொடராக எழுத உட்காருகிறவர்கள், எனக்குத் தெரிந்தவரை, முதலில் கொலையை யோசிக்கிறார்கள். கடை பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் கதையில் மளிகைக் கடையை எடுத்துவிட்டுத் தையற்கடையை வைத்துப் பாருங்கள். ஒரு வரிகூட மாற்றாமல் கதை ஓடுகிறது என்றால், கடை வெறும் பெயர்ப்பலகையாகத்தான் நிற்கிறது. போலீஸுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டும். அது அந்தத் தொழில் செய்வதாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

பழைய மளிகைக் கடைகளில் 555 என்று அட்டையில் அச்சிட்ட குட்டி நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். கடனுக்கு வாங்குகிறவர்களின் கணக்கு அதில்தான். ஒருவர் பல வருடங்களாக மாதம் முழுவதும் வாங்கிவிட்டுச் சம்பளம் வந்ததும் பாக்கியைத் தீர்ப்பவர். இந்த மாதம் இருபதாம் தேதியே வந்து முழுவதையும் தீர்த்துவிட்டு, எதுவும் வாங்காமல் போகிறார். போலீஸ் அறிக்கையில் இதற்கு இடமே இல்லை. கடைக்காரருக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். எங்கிருந்து வந்தது பணம்? ஏன் இவ்வளவு அவசரம்? அதேபோல, தனியாக இருக்கும் பாட்டி திடீரென்று இரண்டு ரொட்டிப் பாக்கெட் வாங்கினால், வீட்டில் யாரோ வந்து தங்கியிருக்கிறார்கள் என்று கல்லாவில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். “பேரன் வந்திருக்கிறானா, அம்மா?” என்று அவர் கேட்கும்போது பாட்டி பதில் சொல்லத் தடுமாறினால், ஒரு அத்தியாயம் தானாக எழும். துப்பு இப்படி வர வேண்டும். ஒட்டுக்கேட்டதால் தெரிந்தது, தற்செயலாகக் குப்பைத் தொட்டியில் கிடைத்தது என்று எழுதிக்கொண்டே போனால் வாசகர் மூன்றாவது தடவை புத்தகத்தை மூடிவிடுவார்.

கடை நேரத்தையும் மறக்கிறார்கள். காலை ஏழு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிறவர், பட்டப்பகலில் தீவின் மேற்குக் கோடியிலுள்ள ஜூரோங்குக்கும் கிழக்குக் கோடியிலுள்ள சாங்கிக்கும் பறந்து சந்தேக நபர்களைப் பின்தொடர்கிறார். கல்லாவில் யார் இருக்கிறார்கள்? தீபாவளிக்கு முந்தின வாரத்தில் துப்பறியக் கிளம்பும், லிட்டில் இந்தியாவின் தேக்கா கடைக்காரரை நான் நம்பமாட்டேன்; அந்த வாரம் அவருக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. இந்தக் கட்டுப்பாடு கதைக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். அவரால் போக முடியாததால்தான் எல்லோரும் அவரிடம் வருகிறார்கள். நாளிதழ் வாங்க வருகிறவர், சில்லறை மாற்ற வருகிறவர், மழைக்கு ஒதுங்குகிறவர் என்று விசாரணை முழுவதையும் கல்லாவுக்கு முன்னாலேயே நடத்திவிடலாம்.

அடுத்தது ஊர். சிங்கப்பூர் முழுவதையும் ஒரு சிற்றூராக எடுத்துக்கொண்டால் கதை நீர்த்துவிடும். லிட்டில் இந்தியாவைத் தேர்ந்தெடுப்பது எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே முன்பின் தெரியாதவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து போவார்கள். கோஸி கதைக்கு வேண்டியதோ வந்தவர்களே திரும்பத் திரும்ப வரும் இடம். தோ பாயோவிலோ அங் மோ கியோவிலோ நான்கைந்து அடுக்குமாடிப் புளோக்குகளுக்கு நடுவே, கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு மாமாக் கடை, அதாவது சிறிய மளிகைக் கடை, போதும். மின்தூக்கி, காப்பிக் கடை, ஈரச்சந்தை, சமூக மன்றம் எல்லாம் கூப்பிடு தூரம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருப்பதால், எந்தப் புளோக்கை எடுத்தாலும் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் கலந்துதான் இருப்பார்கள். சந்தேகப் பட்டியலில் இருக்கும் எட்டுப் பேரும் தமிழர் என்றால், அது எங்கே நடக்கிற கதை என்று கேட்கத் தோன்றும்.

சட்டம் தெரியாமல் எழுதுவதுதான் மிகவும் உறுத்துவது. கொலை நடந்ததும் அக்கம்பக்கக் காவல் நிலையத்து இளம் அதிகாரி வந்து கடைக்காரரோடு தேநீர் குடித்துக்கொண்டே வழக்கை நடத்துவதாக எழுதுகிறார்கள். இங்கே கொலை வழக்கைக் குற்றப் புலனாய்வுத் துறை கையில் எடுத்துக்கொள்ளும். அந்த இளம் அதிகாரி ஓரமாக நிற்க வேண்டியதுதான். அவரை அப்படியே ஓரத்தில் நிற்க வையுங்கள். தானும் ஒதுக்கப்பட்டவர் என்ற எரிச்சலில் அவர் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால், அது நம்பும்படி இருக்கும்.

இரவோடிரவாக மண்டாயில் தகனம் செய்து தடயத்தை அழிக்கும் வில்லனையும் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் ஒருவர் இறந்தால் மருத்துவர் வந்து மரணத்தின் காரணத்தை உறுதிசெய்து சான்றளிக்க வேண்டும். காரணம் தெரியவில்லை, அல்லது இயற்கை மரணமாகத் தோன்றவில்லை என்றால் அவர் சான்று தரமாட்டார். விவரம் போலீஸுக்குப் போகும், உடல் பிணவறைக்குப் போகும், பிரேதப் பரிசோதனை வேண்டுமா என்பதை மரண விசாரணை அதிகாரி முடிவுசெய்வார். 2022 மே மாதத்திலிருந்து சான்றளிக்கப்பட்ட மரணம் தானாகவே பதிவாகிவிடுகிறது. குடும்பத்தார் பதிவகத்துக்கு அலையும் காட்சியும் இனி செல்லாது. வில்லன் ஏமாற்ற வேண்டியது அந்த மருத்துவரை. எண்பது வயது, இதய நோய், மருந்துப் பைகள் மேசைமேல். அங்கே ஏமாற்ற முடிந்தால் கதை உண்டு.

துப்பறிகிறவர் கத்தியை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொள்வது இன்னொரு வேடிக்கை. கொலை பற்றித் தெரிந்தும் தகுந்த காரணமின்றிப் போலீஸிடம் சொல்லாமல் இருப்பதே இங்கே குற்றம். சாட்சியத்தை மறைத்தால் கேட்கவே வேண்டாம். இரண்டாம் பாகத்துக்கு உங்கள் நாயகி சிறையிலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

கேமராக்களும் உண்டு. 2012 முதல் வீவக புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் போலீஸ் கேமரா பொருத்திவருகிறார்கள். யாருமே பார்க்காமல் மின்தூக்கியில் ஏறிப் போனான் என்று எழுதினால் உள்ளூர் வாசகர் சிரிப்பார். கேமரா வேலை செய்யவில்லை என்று எழுதுவது அதைவிட மோசம். படம் இருக்கட்டும். படத்தில் இருக்கிறவர் யாரென்று போலீஸுக்குத் தெரியும். அவர் கையிலிருக்கும் பை எந்தக் கடையினுடையது, அந்தக் கடை அன்று திறந்திருந்ததா என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பலரும் பேசுவதே இல்லை. சிங்கப்பூரில் கொல்லும் நோக்கத்தோடு செய்த கொலைக்கு மரண தண்டனை கட்டாயம். மற்றவகைக் கொலைகளில் 2013 முதல் நீதிபதி ஆயுள் தண்டனையும் விதிக்கலாம். இதமாக முடிய வேண்டிய கதையில், பக்கத்து வீட்டு அண்ணனைக் கண்டுபிடித்துக் கொடுத்த அக்கா அடுத்த நாள் சிரித்த முகத்தோடு பால் பாக்கெட் அடுக்குகிறார். எனக்கு அது ஒட்டவில்லை. அந்த அண்ணன் தூக்குமேடை வரை போகக்கூடும் என்பது அக்காவுக்கும் தெரியும், புளோக்குக்கே தெரியும். இதை நேருக்கு நேர் எழுதத் தயாரில்லை என்றால் தொடரின் எல்லாப் பாகங்களிலும் கொலை வைக்காதீர்கள். நாட்டில் கொலையே அரிது. ஒரே புளோக்கில் ஆண்டுக்கு மூன்று பிணம் விழுந்தால் கடைக்காரரைத்தான் முதலில் கைது செய்ய வேண்டும். நிஜத்தில் இங்கே மலிந்திருப்பது மோசடி. 2024-ல் மட்டும் மக்கள் 110 கோடி வெள்ளிக்கு மேல் பறிகொடுத்தார்கள். வழக்கமாகச் சர்க்கரையும் தேயிலையும் வாங்கும் முதியவர் பதற்றத்தோடு, மோசடிக்காரர் கேட்ட முன்கட்டண அட்டைகளை அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கும் முதல் ஆள் கடைக்காரர்தான். சட்டவிரோதமாகக் கடன் கொடுக்கும் கும்பல் தவறான வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போவது, காணாமல் போன இல்லப் பணிப்பெண், தொலைந்த உயில் என்று எத்தனையோ இருக்கின்றன.

விஷம் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூர்ப் பூங்காக்களில் பிள்ளைகள் பொறுக்கும் முழுச்சிவப்பு சாகா விதை வேறு, நுனியில் கறுப்புப் பொட்டு உள்ள குன்றிமணி வேறு. கொடிய நஞ்சு குன்றிமணியில்தான். இரண்டையும் குழப்பி எழுதியதைப் படித்திருக்கிறேன். குழப்பத்தையே துப்பாக்கலாம். சாகாவுக்குத் தமிழில் மஞ்சாடி என்று பெயர். பழைய பொற்கொல்லர் கணக்கில் இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி. சிராங்கூன் சாலை நகைக்கடைப் பெரியவர் ஒருவர் மேசைமேல் கிடக்கும் விதையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார், ஆய்வுக்கூடம் வேண்டாம். ஆனால் தின்றவுடன் ஆளைச் சாய்க்காதீர்கள். குன்றிமணி நஞ்சு மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் வேலை செய்வது. அப்போது யார் எங்கே இருந்தார் என்ற கேள்வியே மாறிவிடும்.

குற்றவாளியைத் தேர்ந்தெடுப்பதிலும் சோம்பல் வேண்டாம். 1929-ல் ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். முதல் விதி, குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது. ஐந்தாவது, கதையில் சீனர் வரக்கூடாது என்கிறது. இன்று படித்தால் முகம் சுளிக்கத்தான் செய்யும். ஆனால் அக்கால மலிவுக் கதைகளில் மர்மமான சீன வில்லன் அலுக்கும் அளவுக்கு வந்ததைக் குத்தித்தான் அதை எழுதினார். இங்கே அந்த இடத்தில் இன்று யாரை வைக்கிறோம் என்று பாருங்கள். ஊழியர் தங்குவிடுதியிலிருந்து வரும் வெளிநாட்டு ஊழியரை, புதிதாகக் குடிவந்த சீன நாட்டவரை. வாசகர் முதல் பக்கத்திலேயே சந்தேகப்படும் ஆளைக் கடைசிப் பக்கத்தில் பிடித்துக் கொடுப்பதில் புதிர் எங்கே இருக்கிறது?

தொடர் என்றால் ஆண்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டும். முதல் பாகம் 2016-ல் நடந்தால் கடையில் சிகரெட் பெட்டிகள் கண்ணில் படும்படி அடுக்கியிருக்கலாம். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு அவை மூடிய அலமாரிக்குள் போய்விட்டன. 2020 ஜூலையிலிருந்து எல்லா நிறுவனப் பெட்டிகளும் ஒரே மங்கிய நிறம். கீழே கிடக்கும் பெட்டியின் நிறத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் பழைய உத்தி அதோடு போயிற்று. 2021 முதல் 21 வயது ஆகாதவருக்கு விற்கக்கூடாது. 2015-ல் வந்த விதிப்படி, மதுவை இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை வாங்கிக்கொண்டு போக விற்கக்கூடாது என்று இருந்தது. அந்த விதி இருந்த காலத்தில் இரவு பதினொரு மணிக்குக் கடையில் பீர் வாங்கினேன் என்று சொல்லும் சாட்சி பொய் சொல்கிறார், அல்லது கடைக்காரர் மாட்டிக்கொள்ளப் போகிறார். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் துப்பறிவாளர் உண்மையைச் சொல்லத் தன் உரிமத்தைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும். மூன்றாம் பாகத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.