எம்ஜிபி காரின் சோக் குமிழ் ஏன் சுட்டது?

இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1965இல் உருவான என் எம்ஜிபி ரோட்ஸ்டரின் (கூரையை மடக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்) 1798 சிசி எஞ்சினைச் செப்பனிட்டு மீண்டும் பொருத்திய பிறகு, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகியபடி மெதுவாகச் சுழன்றதே தவிர, எஞ்சின் பிடிக்கவில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கடியில் ஒளிந்திருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை மாற்றினேன். ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கார்பன் பிரஷ்களைப் புதுப்பித்தேன். பேட்டரி முனைகளைத் தேய்த்துத் துலக்கினேன். ஆறு நாட்கள் வீணாயின.

ஏழாம் நாள், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப டாஷ்போர்டில் இழுக்கும் சோக் குமிழ் விரலைச் சுட்டது. குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், உடற்கூட்டுடன் அதற்கு எர்த் தொடர்பை, அதாவது பேட்டரியுடன் மின்சுற்றை நிறைவு செய்யும் இணைப்பைத் தருவது ஒரு பின்னல் செம்புப் பட்டைதான். அதை மறுபடி மாட்ட நானே மறந்திருந்தேன். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் வேறு வழியின்றி, கார்புரேட்டரிலிருந்து டாஷ்போர்டுக்கு வரும் சோக் கேபிளின் உலோக உறை வழியே பாய்ந்திருக்கிறது.

மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும், மறுமுனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் (இந்த வண்டியில் அது நேர்முனை) வைத்து, ஸ்டார்ட்டர் சுழலும்போது அளந்தால் 4 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே ஐயப்பட வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி வெற்று உலோகத்தின்மீது புதிய பட்டையை முடுக்கியதும் அது 0.2 ஆக இறங்கியது. எஞ்சினும் உடனே பிடித்துக்கொண்டது. வெந்து இறுகிப்போன சோக் கேபிளையும் மாற்றிவிட்டு, அன்று மாலை கூரையை மடக்கி மகிழ்ச்சியாக நாற்பது மைல் ஓட்டினேன்.